தேயிலை வேரில் செய்த கோழி

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் பேக்டரியைப் பூட்டிய வருடம், ஓவேலியில் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. ஆபீஸ் ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. சூப்பர்வைசரை ஊர் பார்க்கச் செருப்பால் அடித்தார்கள். அடித்தவர்களில் நானும் ஒருவன். வெளியே அடிக்க ஆள் கிடைக்காத நாட்களில் வீட்டுக்கு வந்து மனைவியை அடித்தேன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எனக்குக் கவாத்து வேலை, தேயிலைச் செடியின் கிளைகளைத் தறித்துவிடுவது. கதையும் எழுதுவேன், சிறுபத்திரிகைகளில் நாலைந்து வந்திருந்தன. அந்த வருடம் அதுவும் படுத்துவிட்டது. எதை எடுத்தாலும் இரண்டாம் பக்கத்திலேயே ஒருவன் இன்னொருவனைக் குத்திக் கொன்றுவிடுவான். அதற்குமேல் எழுத ஒன்றும் இருக்காது.

பழக்கமில்லாத ஒரு கலையில் கை வைத்தால் பழகிய கலை திறந்துகொள்ளும் என்று எங்கோ படித்தேன். பிழைப்புக்கு வழியில்லாதவனுக்குச் சொல்கிற யோசனையா என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அப்போது எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தண்டுகளை ஊட்டியில் மேசைக்கால் செய்ய லாரியில் ஏற்றினார்கள். வேர்கள் மேட்டில் கிடந்தன. ஒன்றை இழுத்து வந்து, கவாத்துக் கத்தியால் கோழி செதுக்க உட்கார்ந்தேன்.

கவாத்தில் ஒரு கிளைக்கு ஒரே வீச்சுதான். தண்ணீர் தங்காதபடி சாய்வாக விழ வேண்டும். இரண்டாவது முறை வெட்டினால் கிளை பிளந்துவிடும். இருபது வருடம் அப்படி வெட்டிய கை வேரிலும் அப்படியே வெட்டியது. அலகு வரும் இடத்தில் ஒரு வீச்சு, தலையே பறந்தது. இப்படி ஏழு கோழிகள் போயின. ஏழாவது போனபோது மனைவி சிரித்தாள். கையிலிருந்த கட்டையை அவள் முகத்தைப் பார்த்து வீசினேன்.

புருவத்தில் நான்கு தையல். எஸ்டேட் படியில் வழுக்கி விழுந்ததாக நர்ஸிடம் சொன்னாள். வீடு திரும்பியதும் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொருக்கா கைய ஓங்குனீங்கன்னா, பாப்பாவத் தூக்கிட்டு தெப்பக்காட்டுல எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேனுங்க."

பயந்துபோனேன். அவள் போய்விட்டால் எனக்கு யாருமில்லை. கவாத்துக் கத்தியைப் பரண்மேல் போட்டுவிட்டு, உடைந்த ரம்பத் துண்டு ஒன்றைத் தீட்டிக்கொண்டேன். அதை வைத்து வெட்ட முடியாது, சுரண்டத்தான் முடியும். சுரண்டி, ஊதி, திருப்பிப் பார்த்து, மறுபடி சுரண்ட வேண்டும். ஒரு அலகுக்கு மூன்று நாள் ஆனது. கோபம் வந்தால் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடப்பேன். எட்டு மாதம் வீட்டில் அடி விழவில்லை.

கதையும் வந்தது. ஒருவன் மனைவி மேல் மரக்கட்டையை வீசுகிற கதை. யாரையும் கொல்லாமல், அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் பதினோரு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

வாசலில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். நன்றாக இருக்கிறது, படிக்கையில் அந்தக் கட்டை மறுபடி வந்து பட்டது போல இருந்தது என்றாள். பிறகு காகிதங்களை அடுக்கியபடி கேட்டாள்: "ஏனுங்க, அவன் அழுவறது மூணு எடத்துல வருது. அடி வாங்குனவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தகூட இல்லையே?"

எட்டு மாதம் அடக்கியதெல்லாம் ஒரே நொடியில் தலைக்கேறியது. என் கதையில் குறை சொல்ல இவள் யார் என்று நினைத்தது நினைவிருக்கிறது. எழுந்ததும் கை ஓங்கியதும் நினைவில் இல்லை. அவள் தலையைக் குனியவில்லை, விலகவும் இல்லை. ஓங்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை இறக்கினேன்.

அவள் காகிதங்களை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பாப்பாவின் துணிகளைப் பையில் அடைக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடி, நான் அடிக்கவில்லையே, கையை இறக்கிவிட்டேனே என்று கெஞ்சினேன்.

"அடிச்சாத்தான் போவேன்னு நான் சொல்லலீங்க," என்றாள். "ஓங்குனாப் போயிருவேன்னுதான் சொன்னேன்."

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.