ஒரே பக்கம் தள்ளப்பட்ட துணிக்கைகள்

உரும்பிராய் நடராசாவின் மகள் உதயகலாவிடம், நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று ஊரில் ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. பாகுபோலத் தடித்த திரவத்துக்குள் மிதக்கும் பொடித் துணிக்கைகள் எப்படி அசையும் என்று கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. உள்ளே திரவமும் இல்லை, துணிக்கையும் இல்லை, எல்லாம் எண்கள். இதற்காகப் பேசிவந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றாள், விசர்ப் பெட்டை. பல்கலைக்கழகத்தில் தன் துறையிலேயே தற்காலிக உதவியாளராக இருந்துகொண்டே மூன்று வருடம் மாரடித்தாள்.

மூன்றாம் வருடம் பலன் வந்தது. சிதறிக் கிடந்த துணிக்கைகள் தாமாகவே வரிசைகட்டி நின்றன. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. நோர்வேயில் கலாநிதிப் பட்டத்துக்கு ஒரேயோர் இடம் இருந்தது. துறைக் கருத்தரங்கு முடிய, அவளையோ துறையில் அவளுக்கு மூத்த மாணவன் செந்தூரனையோ பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

கருத்தரங்குக்கு நாலு நாள் இருக்க, தன் நிரலில் ஒரு பிழையைக் கண்டாள். அந்த வருடம் கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று முறை போகும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்படி நிரலை எழுதியிருந்தாள். ஆனால் துணிக்கைகளைக் கண்டபாட்டுக்குத் தட்டிவிடக் கணினி ஒழுங்கில்லாமல் எடுக்கும் எழுமாற்று எண்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்கியிருந்தன. நூற்றுக்கணக்கான தடவை அதே தட்டு, அதே பக்கம். வரிசைகட்டாமல் வேறென்ன செய்யும்!

செந்தூரனிடம் போய் அழுதாள். பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். அவன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான்.

“உந்தப் பிழையை ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம். நீர் இப்ப ஒண்டும் சொல்லாதையும். கருத்தரங்கு முடியட்டும், பிறகு ஆறுதலாய்த் திருத்துவம்.”

செந்தூரன் அண்ணை சொன்னால் சரியென்று வாயை மூடிக்கொண்டாள். நோர்வே ஆசையும் கொஞ்சமல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருத்தரங்கில் அவள் பேசி முடிக்க எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் செந்தூரன் மிகவும் பணிவாக எழுந்தான்.

“கரண்ட் வந்து திரும்ப ஓடேக்கை, எழுமாற்று எண்கள் எங்கையிருந்து தொடங்கினது, தங்கச்சி?”

படுபாவி. முதலிலிருந்துதான் என்று அவள் சொல்லவேண்டியதாயிற்று. இது உமக்கு முன்னமே தெரியுமா என்று பேராசிரியர் அவளைக் கேட்டார். உதயகலா செந்தூரனைப் பார்த்தாள். அவன் அவளுக்காக வருந்துகிறவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

“ஓம் சேர்,” என்றாள்.

அடுத்த கிழமை பேராசிரியர் செந்தூரனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அச்சடித்து, உறையில் போட்டுக் கொண்டுவரும்படி உதவியாளரிடம் சொன்னார். உதயகலா அச்சடித்தாள். இவருடைய நேர்மைக்கு நானே சாட்சி என்று கடைசி வரியில் இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இன்னொரு முறை வாசித்துவிட்டு உறையை ஒட்டினாள்.