ஜெயசித்ரா அக்கா வீட்டு விருந்தாளி

ஜெயசித்ரா அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்து, எங்கள் அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில் தனியாளாக ஒரு வீடு வாங்கியவர். இந்த ஆடி பத்தாம் தேதி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போக டிக்கெட் போட்டிருந்தார். அதற்குள் வீட்டில் யாரையாவது குடிவைத்தாக வேண்டும். பூட்டிப் போட்டால், பனவடலிசத்திரத்திலிருந்து தம்பி வீரபாண்டி பாயும் தலையணையுமாக வந்துவிடுவான். அவர்களுடைய அப்பா வீட்டுக்கு ‘ரெண்டு நாள்’ என்று வந்தவன்தான். கடைசியில் அக்காதான் வெளியேறினார்.

எங்கள் சங்க விதிப்படி, உரிமையாளரின் உறவினர் வந்து தங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாடகைக்கு விடத்தான் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இரண்டு பேர் சவூதியில் இருக்கிறார்கள். ஆறு வருடம் ஊர் ஊராக வாடகை வீடுகளில் இருந்துவிட்டு வந்தவள் நான். இப்படி ஒரு விதியை எங்கேயும் பார்த்ததில்லை.

வைகாசியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஆனி கடைசி நாள் சாயங்காலம் அனுமதி கிடைத்தது. முப்பது நாள் செல்லும். குடிவரப் போகிறவர் ஷீலா, குருவிகுளம் பக்கத்தில் டீச்சர். மறுநாளே வரத் தயார். ஆனால் மறுநாள் ஆடி ஒன்று. சங்கச் செயலாளர் மாரிக்கண்ணன் அண்ணாச்சி கேட்டிலேயே நின்றுகொண்டார்.

“எம்மா, அனுமதிய நான் மறுக்கல. ஆடியில குடி வரப்படாது. கட்டடத்துக்கு ஆகாது.”

“அண்ணாச்சி, அனுமதி முப்பது நாளுக்குத்தான. ஆடி அதவிடப் பெருசுல்லா?” என்றார் அக்கா.

“அதுக்கென்ன, ஆவணியில புதுசா எழுதிக் குடு.”

“திரும்பப் பன்னெண்டு கையெழுத்தா?”

“பின்ன? விதின்னு ஒண்ணு இருக்குல்லா.”

“ஷீலா வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. அவளுக்கு ஏது ஆடி?”

“அவ வேதக்காரிதான். கட்டடம் வேதத்துல சேரலல்லா?”

அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆத்திரப்பட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். பத்தொன்பதாம் விதியில் அவர் விரல் நின்றது. விருந்தாளிகள் பதினைந்து நாள் தங்கலாம்.

ஆடி எட்டாம் தேதி ஷீலாவின் சாமான்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“ஏது, குடி வருதியளோ?”

“இல்ல அண்ணாச்சி. கோயில்ல ஆடித் தபசு திருவிழா பாக்க வந்த விருந்தாளி” என்றார் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

“விருந்தாளிக்கு பிரிட்ஜ் எதுக்கு?”

“வெயிலுக்கு மோர் குடிப்பா.”

“கிரைண்டரு?”

“மோருக்குத் தொட்டுக்கிட வடை சுட வேண்டாமா?”

ஷீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

“பதினஞ்சு நாளுதான். பதினாறாம் நாள் இருக்கப்படாது.”

“இருக்க மாட்டா. அன்னைக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டு, மறுநாள் வருவா.”

அண்ணாச்சி புத்தகத்தை வாங்கி, அந்த விதியை இரண்டு தடவை படித்தார். “அப்பம் சரிதான்” என்று கேட்டைத் திறந்துவிட்டார். எனக்கு எரிச்சலில் தலை வலித்தது. இவ்வளவுக்கும் அவர் நல்ல மனுஷர். கட்டிலின் ஒரு பக்கத்தை அவரே பிடித்து மாடிக்கு ஏற்றினார்.

அக்கா மஸ்கட் போன மறுநாள் வீரபாண்டி பாயோடு வந்து கதவைத் தட்டினான். திறந்தது ஷீலா.

“நீங்க யாரு?”

“உங்க அக்காவோட விருந்தாளி. உள்ள வாங்க, டீ குடிங்க.”

வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

இப்போது ஐப்பசி. ஷீலா பதினாறு நாளைக்கு ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறார். ஆவணியில் எழுதிக் கொடுத்த புதுக் காகிதம் இன்னும் வீடு வீடாகச் சுற்றுகிறது. நேற்று அக்கா மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். தம்பி கதையை மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏட்டி, எத்தன கையெழுத்து ஆச்சு?”

“ஏழு.”