கத்தரிக்கும் குடைக்கும் ஒரே சுவர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. வாலாஜாபேட்டையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் இருபத்தைந்து மைல். டிக்கெட் ஒரு ரூபாய் பத்து பைசா. கையில் இரண்டு பெயிண்ட் டின், ஒரு கட்டு பிரஷ், மாற்று வேட்டி. போர்டு எழுதுவது என் தொழில். கடை போர்டு, லாரி நம்பர், வாடகை சைக்கிளுக்கு நம்பர். படிப்பு நாலாவது வரை.

கண்டக்டர் டின்னைக் காலால் தட்டினார்.

“இன்னாபா இது, பஸ்ஸுக்கு கலர் மாத்தப் போறியா?”

“எலெக்‌ஷனுக்கு. எங்க அக்கா நிக்குது. காஞ்சிபுரத்துல, முனிசிபாலிட்டிக்கு.”

“எந்தக் கட்சி?”

“கட்சி இல்ல.”

“எதிராளி?”

“அவருக்கும் இல்ல.”

கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். “அண்ணே, கட்சியே இல்லாத எலெக்‌ஷனாம்! அப்போ பிரியாணி யாருபா போடுவா?”

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் எனக்கும் தெரியாது. ஆள் மூலம் அக்கா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: நிற்கிறேன், பிரஷ்ஷோடு வா.

காவேரிப்பாக்கம் ஏரி பக்கத்திலேயே வந்தது. தண்ணீர் கரை வரை நின்றது. பாலுசெட்டி சத்திரத்தில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். டீ பதினைந்து பைசா. திருப்புட்குழிக் கோபுரம் அங்கிருந்தே தெரியும். ஒரு கும்பிடு போட்டேன்.

எட்டு மணிக்குக் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையத்துக்கு ரிக்‌ஷா எட்டணா. தெருமுனையில் ரிக்‌ஷாக்காரர் இறங்கிவிட்டார்.

“இதுக்கு மேல வண்டி போவாது. பாவு போட்டுக்கினு இருக்காங்க.”

தெரு நடுவில் பட்டு நூல் நீட்டிக் கட்டியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வீடு தாண்டி ஓடியது. மாம்பழ நிறம். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை இப்படித் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. தெருவே வந்து கை கொடுக்க வேண்டும்.

அது அக்கா வீட்டுப் பாவு. மாமா, அதாவது அக்கா புருஷன் சம்பந்தம், கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார். கடைசி முனையில் ஒரு பெரியவர் நின்றார். நெற்றி நிறைய விபூதி. முனைக் கழியை இழுத்துப் பிடித்திருந்தார். கையில் நரம்பு புடைத்திருந்தது.

“யாரு மாமா அவரு?”

“என் பெரியப்பா புள்ள, அண்ணன். தாண்டவராயன். அவருதான் அக்காவுக்கு எதிரா நிக்கிறவரு.”

“உங்க பாவுக் கழியத்தான புடிச்சிக்கினு இருக்காரு?”

“பின்ன? எலெக்‌ஷன்னா பாவு காத்துக்கினு இருக்குமா?”

பதினொரு மணி. சாப்பிடும்போது அக்கா விவரம் சொன்னாள். அக்கா பெயர் சிவகாமி. இந்தத் தெருவில் குழாய் இல்லை. தண்ணீருக்குப் பெண்கள் மூன்று தெரு தள்ளிப் போகிறார்கள். முனிசிபாலிட்டியில் குழாய் கேட்டார்கள். போடுகிறோம், தெரு நடுவில், என்று பதில் வந்தது. நடுவில் மேடை கட்டினால் பாவு நீட்ட இடம் இல்லை. ஆண்கள் வேண்டாம் என்றார்கள். பெண்கள் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று நிற்பவர் தாண்டவராயன். வேண்டும் என்று நிற்பவள் அக்கா. வார்டில் வேறு யாரும் நிற்கவில்லை.

“கட்சிக்காரங்க வந்து கேட்டாங்க,” என்றாள். “ரெண்டு பேருமே வேணாம்னுட்டோம். இந்த வூட்டுக்கு ஒரு கொடி, அந்த வூட்டுக்கு ஒரு கொடின்னு ஆயிட்டா, நாளைக்கி யாரு பாவுக் கழிய யாரு புடிப்பா?”

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். அக்கா சட்டென்று எழுந்தாள். முந்தானையைத் தோளில் போர்த்திக் கதவோரம் ஒதுங்கினாள். வாசலைத் தாண்டிப் போனவர் அந்தப் பெரியவர், தாண்டவராயன். புருஷனுக்கு அண்ணன் முறை. அவர் எதிரில் உட்காரமாட்டாள். அவர் பெயரையும் வாயால் சொல்லமாட்டாள். ஓட்டுக் கேட்கப் போகும்போதும் ‘குடைக்காரரு’ என்றுதான் சொன்னாள். அவர் சின்னம் குடை. இவளுக்குக் கத்தரிக்கோல்.

சாயங்காலம் நாலு மணி. சின்னம் எழுதச் சுவர் தேடினோம். முனையில் ஒரு சுவர் நன்றாக இருந்தது. புது வெள்ளை. எல்லோர் கண்ணிலும் படும். கேட்டால் அது பெரியவர் வீட்டுச் சுவர். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். மாமா விடவில்லை. போய்க் கேட்டார்.

“எழுதிக்கோ,” என்றார் பெரியவர். “ஆனா கத்தரி வாய மூடி எழுது.”

“ஓட்டுச் சீட்டுல தெறந்துதான் இருக்குதுங்க,” என்றேன்.

“சீட்டு யாரு வூட்லபா இருக்குது? என் செவுத்துல தெறந்த கத்தரி வேணாம் மச்சான். வூட்ல சண்ட வரும்.”

வாய் மூடிய கத்தரி எழுதினேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

“கையி நல்லா இருக்குது. அப்படியே பக்கத்துல ஒரு குடை போடு.”

மாமாவைப் பார்த்தேன். தலையாட்டினார். அதே கறுப்பில் குடையும் போட்டேன்.

சனிக்கிழமை பகலெல்லாம் அக்காவோடு வீடு வீடாகப் போனேன். தறிக் குழியில் காலை விட்டபடியே பதில் சொன்னார்கள். முருகேசன் என்று ஒருவர். ஊடு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தாமல் வம்புக்கு இழுத்தார்.

“இன்னா அண்ணி, கத்தரிய வாங்கிக்கினு வந்துட்ட? நெசவுக்காரன் தெருவுல கத்தரி வந்தா பாவு அறுந்துடாது?”

“பொடவ முடிஞ்சா எதாலடா அறுப்ப? பல்லாலயா?”

தறிக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் மனைவி வள்ளியம்மா சிரித்தாள். அக்கா விடவில்லை. “குடைய வெயிலுக்குப் புடிக்கலாம்டா. விரிச்சா அதுல தண்ணி வருமா?”

“உனக்குத்தான் அக்கா,” என்றாள் வள்ளியம்மா. எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் தெரு திரும்பும்போது எதிரே பெரியவர் நாலு பேரோடு வந்தார். அக்கா சுவரோரம் நின்று வழி விட்டாள். அவர் நாங்கள் இறங்கிய வீடுகளுக்குள் போனார். அங்கேயும் ‘உனக்குத்தான் மாமா’ என்று குரல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நகராட்சிப் பள்ளிக்கூடம். காலை எட்டு மணிக்கே வரிசை. பட்டுத் தொழில் செய்கிற தெரு. ஆனால் பெண்கள் எல்லோரும் நூல் புடவைதான் கட்டி வந்தார்கள். கொடி இல்லை. கோஷம் இல்லை. வாசலில் அக்கா ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம். வந்தவர்கள் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்கள். மத்தியானம் பெரியவருக்கு மோர் வந்தது. அதில் ஒரு செம்பை அக்காவிடம் கொடுத்தனுப்பினார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எண்ணி முடித்தார்கள். குடை ஜெயித்தது. வித்தியாசம் கொஞ்சம்தான். செல்லாத ஓட்டு அதைவிட நாலு பங்கு இருந்தது. எல்லாவற்றிலும் கத்தரியிலும் முத்திரை, குடையிலும் முத்திரை. இப்படி ஒரு வார்டைப் பார்த்ததில்லை என்றார் எண்ணின அதிகாரி.

அக்கா விடுவிடுவென்று நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் வள்ளியம்மா வாசலில் நின்றாள்.

“ரெண்டுலயும் குத்தினியாடி?”

“ஆமாக்கா. செவுத்துல ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது?”

“ரெண்டுலயும் குத்தினா ஒண்ணுத்துக்கும் இல்லடி!”

“அது எப்படி? சாமிக்கு ரெண்டு பக்கமும் வெளக்கு ஏத்துறோம். ஒண்ணு ஏத்தினா இன்னொண்ணு அணஞ்சிடுமா? எனக்குக் கொழாயும் வேணும், பாவும் போடணும். நான் இன்னா பண்ணுவேன்?”

அக்கா உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளி நடந்தாள். நான் முனைச் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவரில் குடையைப் பக்கத்தில் எழுதியவன் நான்.

செவ்வாய்க்கிழமை. எனக்கு ஒன்பது மணிக்கு பஸ். விடிந்ததும் தெருவில் பெரியவர் வீட்டுப் பாவு. அரக்கு நிறம். ஒரு முனை கட்டியாயிற்று. கஞ்சி தயார். மற்ற முனையை எப்போதும் பிடிப்பது அக்கா வீடு. யாரும் வெளியே வரவில்லை. மாமா வாசற்படி வரை போய்த் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

வெயில் கூரை ஓட்டின் மேல் வந்துவிட்டது. தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரியவர் சுருட்டின நூலைத் தோளில் போட்டபடி நின்றார். கூப்பிடவில்லை. ஜெயித்தவர் கூப்பிட்டால் அது உத்தரவு ஆகிவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து நூலை மகன் கையில் கொடுத்தார். நடந்து எங்கள் வாசலைத் தாண்டித் தெருக்கோடிக்குப் போனார்.

“மச்சான், டப்பாவ எடுத்துக்கினு வா.”

போனேன். பாவுக் கழி நடுகிற கல்லைக் காட்டினார்.

“எவ்ளோ நீளப் பாவா இருந்தாலும் இதோட நின்னுடும். இங்க ஒரு கோடு போடு. இதுக்கு அந்தாண்ட கொழா.”

கோடு போட்டேன். தரை மேடும் பள்ளமும். கோடு நேராக இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது. அவரிடம் பேசவில்லை. என்னிடம் பேசினாள்.

“அந்தாண்டன்னா எவ்ளோ அந்தாண்டன்னு கேளு தம்பி. அடுத்த தெருவுல கொண்டும்போய் வெச்சிடப் போறாங்க.”

நான் கேட்பதற்குள் பெரியவர் சொன்னார். அவரும் என்னிடம்தான் சொன்னார்.

“குடம் தூக்கறவங்களே வந்து காட்டச் சொல்லு. எனக்கு இன்னா தெரியும்?”

அக்கா வந்தாள். முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். இடம் பார்த்தாள். சாக்கடைக்கு இந்தப் பக்கம், கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தேய்த்த குடத்தை வைத்தாள். நான் குடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

“முனிசிபாலிட்டில கேட்டா இதத்தான் காட்டுவேன்,” என்றார் பெரியவர். “வெயில் ஏறுது.”

அக்கா போய் முனைக் கழியைப் பிடித்தாள். உடனே கதவுகள் திறந்தன. முருகேசன் கஞ்சிச் சட்டியைத் தூக்கினார். வள்ளியம்மா இழை பிரிக்க உட்கார்ந்தாள். “இப்பத்தான்க்கா என் ஓட்டு செல்லுது,” என்றாள். அரக்குப் பட்டு தெரு நீளத்துக்கு விறைத்து நின்றது.

ஒன்பது மணி பஸ். அதே கண்டக்டர்.

“இன்னாபா, யாரு ஜெயிச்சது?”

“குடை.”

“உங்க அக்கா?”

“கத்தரி.”

“அடடா. தோத்துட்டாங்களா?”

“கொழா வருது,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வாலாஜாவில் எங்கள் தெருவில் இரண்டு குழாய். எதிர் வீட்டுக்காரர் பெயரை அவர் கடைக்கு போர்டு எழுதும்போதுதான் தெரிந்துகொண்டேன். அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அக்காவிடம் ஒன்றுதான் சொன்னேன். பெயிண்ட் காயும் வரை குடத்தை எடுக்காதே. தண்ணிக்கு இன்னா பண்றது என்றாள். பக்கத்து வீட்டுக் குடத்தை வாங்கிக்கோ என்றேன்.

திருப்புட்குழிக் கோபுரம் ஜன்னலில் வந்துபோனது. நல்ல வெயில். இந்நேரம் காய்ந்திருக்கும்.