கையோடு சுற்றிய நட்டு

என் மனைவி கார் ஓட்டுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. மாரமங்கலத்தில் டீச்சர் வேலை. எங்கள் பழைய அம்பாசடரில்தான் தினமும் போய்வந்தாள். ஒருநாள் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு, இனிமேல் பஸ்தான் என்றாள். மலையில் பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. மழைக்காலம் பிறந்ததும் வேலையையே விட்டுவிடுகிறேன் என்றபோது எனக்குத் திக்கென்றது. அந்தப் பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர்.

காரணம் கேட்டால், "காலை எடுத்தாலும் வண்டி அடங்க மாட்டேங்குதுங்க. வளைவுல இழுத்துட்டுப் போகுது" என்பாள்.

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை நெசமாவே எடுத்தாத்தானே புள்ள அடங்கும்?" என்று நான் சிரிப்பேன். விருந்தாளிகள் முன்னால்கூடக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கொழுப்பு எனக்கு.

நான் ஓட்டும்போதும் இன்ஜின் இரையத்தான் செய்தது. குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இந்த மலையில் வண்டிக்கு எது வந்தாலும் பழி குளிர்மேல்தான். காலைப் பனியில் அணைந்துவிடக் கூடாதென்று, சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டுகிற ஐடில் திருகைக் கொஞ்சம் ஏற்றி வைப்பது எங்கள் எல்லாருக்கும் வழக்கம். நானும் ஏற்றினேன். அணையும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

சும்மா நிற்கிற வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கடைவீதி மெக்கானிக்கை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஸ்டார்ட் செய்த உடனே அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, இது எங்கியோ காத்து இழுக்குதுங்களே."

இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறும்வரை டீ குடித்தார். பிறகு கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் போகிற மேனிபோல்டுக்கு அடியில் கையை விட்டார். நடுவில் இருந்த ஒரு நட்டு அவர் விரலோடு சுற்றியது.

"அட, கையிலயே வருதுங்க! இந்தச் சந்துல காத்துப் பூந்தா, காலை எடுத்தாலும் இன்ஜின் அடங்காதுங்க. எந்தப் புண்ணியவானுங்க இதை முடுக்குனது?"

அந்தப் புண்ணியவான் நான்தான். மேனிபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்றுப் புகாமல் அடைக்கிற கேஸ்கட்டைப் போன வருடம் நானே மாற்றினேன். ஓரத்து நட்டுகளை நன்றாக முடுக்கினேன். நடுவில் இருந்த இரண்டுக்கும் என் ஸ்பானர் எட்டவில்லை. கையால் திருகிவிட்டு, நாளைக்குச் சின்ன ஸ்பானர் வாங்கி முடுக்கலாம் என்று விட்டவன், அப்படியே மறந்து தொலைத்தேன். அந்த வண்டியிலா இவளை அத்தனை வளைவுகளுக்கும் அனுப்பினேன்?

மெக்கானிக் இரண்டு பக்கமும் சுரண்டித் துடைத்துப் புதுக் கேஸ்கட் வைத்தார். நடுவில் தொடங்கி ஓரம்வரை எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி முடுக்கினார். திருகைப் பழைய அளவுக்கு இறக்கினார். நான் அவளைக் கூப்பிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தேன்.

ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை அழுத்தினாள்; காலை எடுத்தாள். இன்ஜின் உடனே அடங்கியது. மறுபடி அழுத்தினாள், எடுத்தாள். அடங்கியது.

"தப்பு என்னோடதுதான் புள்ள. நட்டை முடுக்காம விட்டுட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எங்கம்மாளுக்கு மொதல்ல இந்தக் கால்தானுங்க சொன்ன பேச்சுக் கேக்காமப் போச்சு. அப்புறந்தான் பக்கவாதம் வந்து படுத்துட்டாங்க. எனக்கும் அதே வந்துருச்சுன்னு நெனச்சேனுங்க. மூணு மாசமா நொம்பப் பயமா இருந்துச்சு."

மெக்கானிக் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"ஏனுங்க, கோளாறு காலுலதான்னு நீங்களுந்தானே சொன்னீங்க."