கிராணி வரும் மாதம்

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் நாங்கள் இருந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அடுப்புச் சூட்டுக்குக் காலை நீட்டிக்கொண்டு பாடம் படிப்பேன். அந்தச் சுகம் எந்தக் கம்பளியிலும் இல்லை.

வீடு தோட்டத்துடையது. வீட்டிலிருந்து ஒருவராவது தோட்ட வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான். அப்பா இறந்த பிறகு அம்மா மட்டும்தான் கொழுந்தெடுக்கப் போனார். வருஷத்துக்கு ஒரு முறை ஆபீஸ் கணக்கர், அதாவது கிராணி, பதிவுப் புத்தகத்தோடு லயத்துக்கு வருவார்.

"ஒனக்கும் வயசாவுதும்மா. மவ பேர வேலைக்கு எழுதிக்கிடவா?"

"அடுத்த வருசம் வந்துருவாய்யா. இந்தப் பரீச்ச மட்டும் முடிஞ்சிரட்டும்லா."

நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்து, சிரித்தபடியே அம்மா சொல்வார். எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு பரீட்சை இருந்தது.

கிராணி போன பிறகு அம்மாவுக்கு வயிறு எரியும். சோறு இறங்காது. நாளடைவில் கிராணி வராத மாதங்களிலும் எரிந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. கடைசியில் இரத்தக்கொதிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. நாங்கள் என்ன செய்தோம்? மலைக்குளிர், வாயு என்று முடிவு கட்டி ஓமத் தண்ணீர் காய்ச்சினோம். லயமே கூடி வைத்தியம் சொன்னது. "ஒனக்கு நோவு இல்லாத நாளே கெடையாதாம்மா?" என்று நான் கேலிகூடச் செய்தேன். என் புத்தி அப்போது அவ்வளவுதான்.

நான் ஆசிரியையானதும் ரிங்லெட் டவுனில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொண்டேன். ஆறே மாதத்தில் வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. கிளினிக்கில் கொதிப்பு மாத்திரையைக் குறைத்தார்கள். பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். ரிங்லெட் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று அதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

போன மாதம் சாப்பிடும்போது பழைய பேச்சை எடுத்தேன்.

"அந்த வீடு மாதிரி வருமாம்மா? இன்னும் பத்து வருசம் அங்கயே இருந்திருக்கலாம்."

அம்மா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு அது வீடு. நான் ஒங்கப்பா போன நாள்லேர்ந்து, எப்ப எறங்கச் சொல்லுவாங்களோன்னுதான் அங்க படுத்து எந்திரிச்சேன். ஆனா ஒன் பேர எழுத விடல."

அத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அவர் என்னிடம், படித்தது போதும் என்று சொன்னதில்லை.