ஒரு கங்காணியும் இரண்டு துரைமாரும்

பிளேன்டீயை மேசையில் வைத்த பிறகுதான் யூஜினா விண்டோசை எழுப்புவாள். எழுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். வெள்ளை நிற மேக் மடிக்கணினியின் காற்றாடி முதலில் முனகும். பிறகு கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சு வாங்கும் லொறியைப் போல இரையும். திரையில் விண்டோசின் பச்சைப் புல்வெளி விரியும் நேரத்தில் தேநீர் நாக்கைச் சுட்டால் விண்டோசை ஓட்டும் மென்பொருள் கெட்டிக்காரன். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. பச்சைத் தண்ணீராகியிருந்தால் அன்றைக்குக் கடைக்கு வருகிறவர்கள்தான் பாவம். "மத்தவங்க ஸ்டொப் வோச் வச்சிப் பாப்பாங்க. நம்ம ஊருல தேத்தண்ணிதானே தாராளம்," என்பாள்.

கடை அவளுடையது அல்ல, அண்ணன் றோலண்டுடையது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மரக்கறிக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. தொலைபேசி, ஃபொட்டோகொப்பி, அடையாள அட்டைக்குப் படம், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் அங்கே உண்டு. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இடி கடையின் ஒரே கணினியைக் கொண்டுபோனது. கப்பல்களில் உல்லாசப் பயணிகளைப் படம் பிடித்துக்கொண்டு எட்டு வருடம் சுற்றிய யூஜினா அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தாள். "ஏண்ணே கவலப்படுற? என் மேக்குல எல்லாம் செய்யலாம்," என்றாள். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இப்ப வட்டி கட்டிக்கிட்டிருக்கேன்," என்று பிறகு அவளே சொல்லிக்கொள்வாள்.

கடைக்கு ஆட்களை வரவைத்தது சாதகம். சாதகம் கணிக்கும் மென்பொருள் விண்டோசில் மட்டுமே ஓடும். அதுவும் திருட்டுப் பிரதியைத் தடுக்கும், கட்டைவிரல் அளவு மின்பூட்டு ஒன்றைக் கணினியில் செருகியிருந்தால்தான் ஓடும். ஆகவே மேக்குக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதில் விண்டோசைக் குடிவைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் மூன்று அவள் கைக்கு எட்டின. அவற்றின் இங்கிலீஸ் பெயர்கள் றோலண்டின் வாயில் நுழையவில்லை என்பதால் அவளே தேயிலைத் தோட்டத்துப் பெயர்களாக வைத்தாள்.

முதலாவது பெரிய துரை. காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒரு மாதம் சும்மா பழகிப் பார்க்கலாம். விண்டோசின் சன்னல்களை மேக்கின் சன்னல்களோடு கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி வழுவழுப்பாகக் காட்டும். ஆனால் கணினியின் நினைவகத்தில் பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். "ஒத்த ஆளுக்குப் பத்து ரூம் பங்களா" என்பது அவளுடைய விமர்சனம். இரண்டாவது சின்ன துரை. அதற்கும் காசுதான், ஆனால் பகட்டுக் குறைவு. சாதகப் பூட்டைச் செருகியவுடன் அடையாளம் கண்டுகொண்டது. மூன்றாவது முழுக்க இலவசம். எவ்வளவு நினைவகம், பூட்டு எங்கே இருக்கிறது, அச்சு இயந்திரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கும். ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் வேலை நடக்கும். அதுதான் கங்காணி.

ஒரு வாரத்தில் தீர்மானித்திருக்கலாம். அவளோ ஒன்றை ஏற்றுவதும், இறக்குவதும், இன்னொன்றை ஏற்றுவதுமாக மாதங்களை ஓட்டினாள். "ஏய் யூஜி, மாப்புள பாக்குறதுக்குக்கூட இம்புட்டு நாள் ஆவாதுடி," என்றான் றோலண்ட். "அதையுந்தான் பாத்து முடிக்கலியே அண்ணே." பழைய விண்டோஸ் கணினி ஒன்றை வாங்கிப் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று கடைக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். "வாங்கலாம். ஆனா அப்பறம் இங்க நான் எதுக்கு?" என்று சிரிப்பாள்.

கொண்டுவந்த பயணப்பெட்டி இன்னும் மேசைக்கடியில் கிடந்தது. வயர் வேண்டுமானால் அதைத் திறந்து எடுப்பாள், துணியும் அதில்தான். ஏன் பிரித்து வைக்கவில்லை என்று கேட்டால், "அலுமாரி வாங்கணும்," என்பாள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிற பெண்களை, கப்பல் தளத்தில் சீமாட்டிகளை நிறுத்துவது போலத் தோளைத் திருப்பி, நாடியைத் தாழ்த்தி நிறுத்துவாள். ஆட்பதிவு அலுவலகம் நேராகப் பார்க்கும் படம்தான் வேண்டும் என்று ஏழு படங்களைத் திருப்பி அனுப்பியபோது, அவற்றைச் சுவரில் ஒட்டி, கீழே 'மேல்நாட்டுத் தரம்' என்று எழுதி வைத்தாள்.

ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் சாதகம் அச்சடிப்பதில் றோலண்டுக்குத் தனிச் சந்தோசம். "மாதா கோயிலு சோசியக்காரி!" என்று கூப்பிடுவான். "பாதர் வந்து கேட்டா ஃபொட்டோகொப்பின்னு சொல்லிருங்க," என்பாள் வாடிக்கையாளர்களிடம். தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, காற்றாடிச் சத்தத்தில் மட்டுமே நம்பிக்கை என்றும் சொல்வாள். செல்வமலரின் சாதகம் வரும்வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

செல்வமலர் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் காளியாயி, அவளைத் தன் மகன் தவசீலனுக்குக் கேட்டிருந்தாள். யூஜினா சின்ன துரையில் கணித்துக் கொடுத்தாள். பெண்ணின் நட்சத்திரம் பூசம் என்று வந்தது. டிக்கோயாச் சோதிடர் பார்த்துவிட்டுப் பொருத்தம் அமோகம் என்றார். பரிசமும் போட்டாயிற்று.

பிறகு சின்ன துரையின் இலவசத் தவணை முடிந்தது. யூஜினா கங்காணியில் புதிய சீடி ஒன்றிலிருந்து விண்டோசை ஏற்றினாள். முறையாக ஒப்பிட வேண்டுமே என்று, முன்பு அச்சிட்ட சாதகங்களையே மறுபடி போட்டுப் பார்த்தாள். எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது மட்டுமே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சீக்கிரமாகவே வந்தது. எல்லோருடைய நட்சத்திரமும் முன்பு வந்தபடியே வந்தது. செல்வமலருக்கு மட்டும் ஆயில்யம்.

அன்றைய தேநீர் தொடப்படாமலே ஆறியது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பின்னேரம் வரை ஆயிற்று. தப்பு சின்ன துரையிடம் இல்லை. அதில் அவள் ஏற்றிய பழைய விண்டோஸ் சீடியில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு நாடு முழுவதும் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி, செல்வமலர் பிறந்த காலத்து நேரத்துக்கே கொண்டுவந்தபோது யூஜினா ஏதோ ஒரு கடலில் இருந்தாள். அந்தப் பழைய விண்டோசுக்கும் அது தெரியாது. சாதக மென்பொருள் அந்தப் பழைய கணக்கை நம்பி எல்லாரையும் அரை மணி முன்னதாகப் பிறக்க வைத்திருந்தது. மற்றவர்களுக்கு அதனால் நட்சத்திரம் மாறவில்லை. செல்வமலர், பூசம் முடிந்து ஆயில்யம் தொடங்குகிற விளிம்பில் பிறந்தவள்.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது மலை முழுக்கத் தெரிந்த பேச்சு. சொன்னால் கல்யாணம் நிற்கும். பரிசம் போட்டு நின்றுபோன பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததே. சொல்லாமல் விட்டால், நாளைக்குக் காளியாயி மலையில் வழுக்கி விழுந்தாலும் யூஜினாவுக்குச் சின்ன துரையின் ஞாபகம் வரும். "உலகம் பூரா சுத்திட்டு வந்து ஒரு குடும்பத்துக்கு எமனா உக்காந்திருக்கேன்," என்று தன்னைக் கேலி செய்து பார்த்தாள். அந்தக் கேலிக்கு அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, டவுனுக்குச் சாமான் வாங்க வந்த காளியாயி படியேறி வந்தாள். முகூர்த்தம் குறிக்க இன்னொரு பிரதி வேண்டுமாம்.

"வாயத் தொறக்காத," என்று, விசயம் தெரிந்திருந்த றோலண்ட் தங்கையின் காதருகே சொன்னான்.

"என்ன பாப்பா, மூஞ்சி இப்புடி இருக்கு? பொட்டி தூங்கிருச்சா?" என்றாள் காளியாயி.

"பொட்டி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு பெரியம்மா. நாந்தான் தூங்கிட்டேன்." மீதியை யூஜினா ஒரே மூச்சில் சொன்னாள். "போன தடவ தப்பா வந்திருச்சு. தப்பு என்னோடது. மலருக்குப் பூசம் இல்ல, ஆயில்யம்."

காளியாயி பையைத் தரையில் வைத்தாள். "ஆயில்யம்னா மாமியாளுக்குத்தானே?"

"ஆமா."

"மாமியா நாந்தானே?"

"ஆமா பெரியம்மா."

றோலண்ட் ஃபொட்டோகொப்பி இயந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே ஏதோ தொலைந்துவிட்டது போலக் குனிந்துகொண்டான்.

"புள்ள பொறந்த நேரம் என்னான்னு போட்ட?"

"காலைல ஆறு மணி. அவங்கப்பா சொன்னது."

"அவன் எங்க கண்டான்? அவன் தேயில ஸ்டோருல வேலைக்கு நின்னான். வெந்நி வச்சது நானு." காளியாயி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பெரட்டுக்கு ஆள் கூப்புடுற ஆறு மணி சங்கு ஊதுச்சு, புள்ள அழுதுச்சு. நெசந்தான். ஆனா அந்தச் சங்கு என்னைக்கு ஆறு மணிக்கு ஊதுச்சு? சனம் நேரத்தோட மலையேறணும்னு அப்ப இருந்த தொர அஞ்சரைக்கே ஊதச் சொல்லுவான். அதத்தான் நாங்க ஆறுன்னு சொல்லுவோம்."

றோலண்ட் தலையை வெளியே எடுத்தான். "நெசமாவா பெரியம்மா?"

"அந்தத் தொர செத்து மண்ணாயிட்டான். போய்க் கேட்டுட்டு வா."

"எனக்காகச் சொல்லாதீங்க பெரியம்மா," என்றாள் யூஜினா.

"ஒனக்காகவா? ஒனக்கு நான் ஏன் சொல்றேன்? அந்தப் புள்ள சின்னதுலேருந்து, நான் மலை எறங்கி வாறதுக்குள்ள என் அடுப்பப் பத்த வச்சிருக்கும். அவ வந்து என்னையக் கொல்றதுக்குள்ள இந்த மலை என்னையக் கொன்னுரும். அஞ்சரைன்னு போடு."

சங்கு உண்மையில் எப்போது ஊதியது என்பதை இனி எந்தக் கணினியும் சொல்லப் போவதில்லை. யூஜினா கங்காணியை எழுப்பினாள். மணிக் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். ஐந்து முப்பது என்று போட்டாள். காற்றாடி இரைந்தது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா போட்டிருக்கு?"

"பூசம்."

யூஜினாவின் விரல் பழக்க தோசத்தில் பெரிய துரையின் மேல் போய் நின்றது. "எதுக்கும் இதுலயும் ஒருக்கா ஒப்பிட்டுப் பாத்துரட்டுமா பெரியம்மா?"

"வேணாம். ஒண்ணு போதும்."

யூஜினா விரலை எடுத்தாள். எடுத்த கையால் நெற்றியிலும் நெஞ்சிலும் இரு தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, சாதகத்தை அச்சுக்குக் கொடுத்தாள்.