ஊதணும்னா வெளியே போங்க!

வாயில் வைத்த சிகரெட்டை இன்னொரு ஆள் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆலங்குடியில், எனக்கு அது நடந்தது.

பிடுங்கியது மனைவி இல்லை. டாக்டர் இல்லை. போலீஸும் இல்லை. ஒரு பார் ஓனர்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தோப்பைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மரங்கள் போன தடவை நின்ற இடத்திலேயேதான் நிற்கும். பதினைந்து நிமிஷம் போதும். மிச்ச சாயங்காலம் செல்லத்துரையின் பாரில். (என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

செல்லத்துரைக்கு நாற்பது வயசு இருக்கும். ஒயின் ஷாப்பை ஒட்டி அவனுடைய பார். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கை கழுவ ஒரு குழாய். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கந்தர்வக்கோட்டையிலிருந்துகூட பைக் போட்டு ஆள் வருவார்கள். காரணம், மாஸ்டரின் கணவாய் மிளகு வறுவல்.

மாஸ்டர் பெயர் ஆரோக்கியசாமி. மணமேல்குடிப் பக்கத்துக்காரர். மீன் பார்த்து வாங்குவதில் பிறவி ஞானம். பதினோரு வருஷமாக அங்கேதான் சமையல். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் தட்டு நீட்ட ஒரு சதுர ஓட்டை உண்டு. அதில் நமக்குத் தெரிவது ஒரு கை மட்டும்தான். வறுவலோடு வரும், காலித் தட்டோடு போகும். அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருக்கும் என்று யாரும் பெரிதாக யோசித்ததில்லை. நானும்தான்.

அன்றைக்கு நானும் சர்வேயர் சாரும் வழக்கமான மூலையில் உட்கார்ந்தோம். சர்வேயர் சார் ரிட்டயர்ட் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஊரில் யாருக்கும் இப்போது அவர் பெயர் ஞாபகமில்லை. எல்லோருக்கும் ‘சர்வேயர் சார்’தான். எதற்கும் ஒரு ரூல் சொல்வார், எதிலும் ஒரு எல்லைத் தகராறு வைத்திருப்பார்.

நான் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தேன். ஒரே ஒரு இழுப்பு... பின்னாலிருந்து ஒரு கை வந்து, பூப்பறிப்பதுபோல அதை எடுத்துவிட்டது.

“மன்னிச்சுக்கங்கண்ணே. இனிமே உள்ள ஊதக் கூடாது. ஊதணும்னா அங்கிட்டு வெளிய போங்க.”

செல்லத்துரை! சுவரைக் காட்டினான். ‘உள்ளே புகை பிடிக்கக் கூடாது’ என்று புதுசாக ஒரு போர்டு. பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை.

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரிப்பீர்கள்தானே? பாரில் வந்து புகைக்காதே என்றால்... பந்தியில் உட்கார வைத்துவிட்டு சாம்பார் கேட்காதே என்கிற மாதிரி இல்லையா? பொது இடத்தில் கூடாது என்று சட்டம் எப்போதோ வந்துவிட்டது, எனக்கும் தெரியும். வந்த சட்டம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆலங்குடி பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும். எங்கள் பாருக்கு அது வந்து சேரவே இல்லை.

“என்னப்பா, ரெய்டு கிய்டு வருதா?” என்றேன்.

“அதெல்லாம் இல்லண்ணே. மாஸ்டர் இல்லாதது ஒங்களுக்குத் தெரியலையா?”

ஓட்டையைப் பார்த்தேன். அங்கே வேறு ஒரு கை. கொழுகொழுவென்று, மோதிரம் போட்டிருந்தது. செல்லத்துரையின் மச்சானாம். தட்டில் இருந்த கணவாய் ஏன் செருப்பு வார் மாதிரி இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செல்லத்துரை சொன்னான்.

ஒரு வாரத்துக்கு முன்னால், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது மாஸ்டருக்கு இருமல் பிடித்திருக்கிறது. நிற்கவே இல்லை. மூச்சு வாங்கி, அப்படியே தரையில் சரிந்துவிட்டார். அடுப்பின் பக்கம் சாயாமல் இந்தப் பக்கம் சாய்ந்தது தெய்வச் செயல். செல்லத்துரையே காரில் போட்டுப் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“பேரு?” என்று கேட்டார் டாக்டர்.

“ஆரோக்கியசாமி.”

டாக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?”

“பழக்கம் இல்லைங்க சார்.”

“பீடி?”

“அதுவும் இல்லைங்க.”

“இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. உண்மையைச் சொல்லுங்க.”

மாஸ்டரின் மனைவி லூர்துமேரிக்குக் கோபம் வந்துவிட்டது. “மாதா சத்தியமா சார்! இவுக வெத்தலைகூடப் போட மாட்டாக!”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “அப்ப இந்த நெஞ்சுக்குள்ள இருக்கிறதெல்லாம் யாரு ஊதுனது?”

அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் செல்லத்துரை. தலையைக் குனிந்துகொண்டானாம்.

“அதுகூடப் பரவால்லண்ணே. வெக்கை தாங்கலைன்னு மாஸ்டர் சொன்னாரேன்னு போன வருசம் சமையக்கட்டுல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் குடுத்தேன். நல்லது செஞ்சதா நெனச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டர் கேக்குறாரு, ‘ஹால்ல ஜன்னல் இருக்கா?’ இல்ல. ‘அப்ப அந்த ஃபேன் காத்தை எந்த வழியா இழுக்கும்?’”

திரும்பி இன்னொரு தடவை ஓட்டையைப் பார்த்தேன். நாங்கள் அத்தனை பேரும் விட்ட புகை, ஒரு இழை தப்பாமல், அந்தச் சதுர ஓட்டைக்குள் புகுந்து, மாஸ்டரின் முகத்தைத் தடவிக்கொண்டுதான் வெளியே போயிருக்கிறது. ஒரு வருஷமாக!

“அந்த ஃபேனை நான்தாண்ணே மாட்டுனேன்” என்றான் செல்லத்துரை.

ஒன்று அவர் அந்த இடத்தை விட வேண்டும், இல்லாவிட்டால் புகை அந்த இடத்தை விட வேண்டும். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மாஸ்டருக்கு வேறு தொழில் தெரியாது. அதனால்தான் போர்டு.

சர்வேயர் சார் அசரவில்லை.

“ஏம்ப்பா, குடிக்க வந்தவங்கிட்டப் போயி ஆரோக்கியம் பேசுறியே... ஒனக்கே சிரிப்பு வரல? லிவர் போனாப் பரவால்ல, நுரையீரல் மட்டும் போகக் கூடாதா?”

“ஒங்க லிவர் ஒங்களோடது சார். மாஸ்டரோட நுரையீரல் ஒங்களோடது இல்லையே.”

ஊருக்கெல்லாம் எல்லைக் கல் நட்ட மனுஷர்! அவருடைய எல்லையை இன்னொருத்தன் காட்டினால் பொறுப்பாரா? சடாரென்று எழுந்தார். “வாங்கய்யா. எதிர்த்தாப்புல பாரே இல்லையா?” என்றார். எட்டுப் பேர் பின்னால் போனார்கள்.

எட்டாவது ஆள் யார் என்று கேட்காதீர்கள். நான்தான். மாஸ்டர் கதையை முழுசாகக் கேட்ட அதே நான்! இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விரல் அரித்தது. இரக்கத்துக்கும் விரலுக்கும் போட்டி வந்தால் பெரும்பாலும் எது ஜெயிக்கும் என்று புகை பிடிக்கிற வாசகர்களுக்குத் தெரியும்.

எதிர்ப் பாரில் உட்கார்ந்தால் செல்லத்துரையின் பார் நேராகத் தெரியும். கூட்டமே இல்லை. வாசலில் அவன் மட்டும் உட்கார்ந்திருப்பான். அடுத்த தடவை நான் போனபோது, வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தான். புகை பிடிக்கிறவர்களுக்கு பெஞ்சு, துண்டுகளைப் போட மணல் வாளி. மரியாதையாகத்தான் செய்திருந்தான். பெஞ்சில் ஒரு ஆடு படுத்திருந்தது.

“இன்னும் பத்து நாளு. போர்டைத் தானே கழட்டிருவான்” என்றார் சர்வேயர் சார்.

அவனுக்கு யோசனை சொல்லவும் ஆள் இல்லாமல் இல்லை. எதற்கு இத்தனை வம்பு, வேற மாஸ்டரைப் போட்டுவிட்டுப் போர்டைக் கழற்று என்றார்களாம். செல்லத்துரை கேட்டானாம், “ஏன், புது மாஸ்டருக்கு மூக்கு இருக்காதா?”

மூன்றாவது தடவை. எதிர்ப் பாரில் ஆம்லெட் சொல்லி வெகுநேரமாகியும் வரவில்லை. நானே எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனேன், கையில் சிகரெட்டோடு. எட்டிப் பார்த்தால்... ஒல்லியாக ஒரு அம்மா. முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். முட்டையை உடைப்பார், இருமுவார். திருப்பிப் போடுவார், இருமுவார்.

அந்தப் பாருக்கு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறேன். உள்ளே யார் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

“ஒங்க பேரு என்னம்மா?” என்றேன்.

பயந்துவிட்டார். “பொன்னழகுங்க... ஏங்க, உப்புக் கூடிப்போச்சுங்களா?”

பெயர் கேட்டாலே குற்றம் சொல்லத்தான் என்று நினைக்கிற அளவுக்கு வைத்திருக்கிறோம்! சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மறைத்து என்ன? என் தோளுக்கு மேலே புகை கிளம்பி, அந்த அம்மா முகத்துக்கே போனது. ஐம்பத்து மூன்று வயசில் அவ்வளவு அசிங்கமாக நான் நின்றதில்லை.

“எல்லாம் நல்லாருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, ஆம்லெட் வருவதற்குள் ரோட்டைத் தாண்டினேன்.

செல்லத்துரை என்னைப் பார்த்ததும் எழுந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கணவாய் வந்தது. ஓட்டையில் பழைய கை! திங்கட்கிழமையே மாஸ்டர் திரும்பி வந்துவிட்டாராம்.

ஆவலோடு வாயில் போட்டேன்... காரம் இல்லை. மிளகு பாதிகூட இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து மாஸ்டரே வெளியே வந்தார். முகம் பார்ப்பது அப்போதுதான். கனிந்த, வட்ட முகம், அதில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

“தப்பு என் பேர்லதாண்ணே. இத்தன வருசமா மூக்கு சரியா வேலை செய்யல போலருக்கு. மிளகு வாசமே வரலியேன்னு அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன். இப்பத்தான் தெரியுது, எம்புட்டுக் காரம்னு. நீங்கள்லாம் எப்படித்தான் தின்னீங்க?”

எப்படித் தின்றோமா? கந்தர்வக்கோட்டையிலிருந்து பைக் போட்டு வந்து தின்றோம்! மாவட்டம் மெச்சிய அந்தக் கைப்பக்குவம், அடைத்துக்கொண்ட ஒரு மூக்கின் புண்ணியம் என்று யார் கண்டது?

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். கொட்டகை பெஞ்சிலிருந்து ஆடு காலி செய்தது. வந்தவர்கள் போர்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. புது வறுவலைப் பற்றித்தான் சண்டை. “பழைய காரம் எங்க மாஸ்டர்?” கடைசியில் செல்லத்துரை மேஜைக்கு ஒரு மிளகுத்தூள் டப்பா வைத்தான்.

நான் விட்டுவிட்டேனா என்று கேட்கிறீர்களா? இல்லை. ஆனால் பாதியாகிவிட்டது. மனவுறுதி எல்லாம் கிடையாது. வெளியே போய் ஒன்று ஊதிவிட்டு வருவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என் தட்டைக் காலி செய்துவிடுகிறார்கள்.

பொன்னழகு அம்மா விஷயத்தைச் செல்லத்துரையிடம் சொன்னேன். எதிர்ப் பாருக்குப் போய்ப் பேசினான். முதலில் வாய்ச்சண்டை. அங்கே இன்னும் போர்டு வரவில்லை. சமையல்கட்டுக்குப் பக்கத்து மேஜைகளில் மட்டும் ஊதக் கூடாது என்று ஆகியிருக்கிறது. அந்த அளவுக்கு வந்திருக்கிறது, பார்ப்போம்.

கடைசியாக வந்தவர் சர்வேயர் சார். “பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு, அதான்...” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அவர் வீடு ரெண்டு தெரு தள்ளி.

போன சனிக்கிழமை நல்ல மழை. கூட்டம் குறைவு. மாஸ்டரும் ஒரு டீயோடு வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தார். சர்வேயர் சார் பேச்சு சுவாரஸ்யத்தில் சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துவிட்டார். தீப்பெட்டியையும் திறந்துவிட்டார். அப்புறம்தான் எதிரில் இருப்பது யார் என்று கவனித்தார். எழுந்தார்.

மாஸ்டர் பதறிவிட்டார். “சார், சார்... கொட்டகையெல்லாம் சாரல் அடிக்குது. இங்கயே பத்த வைங்க. ஒரு நாள்தானே? நான் அங்கிட்டுப் போயிக்கிறேன்.”

செல்லத்துரை கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“யோவ், ஒனக்காகப் போறேன்னு நெனப்பா? உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. காத்து வாங்கப் போறேன்” என்று அதட்டிவிட்டு மழைக்குள் இறங்கினார் சர்வேயர் சார்.

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பாக்கெட்டில் பற்றவைக்காத சிகரெட் ஊறிப்போய் வளைந்து கிடந்தது.

“நல்ல காத்து!” என்றார், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

மாஸ்டர் டீயைக் குடித்தார். நான் சுவரைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நல்ல காரியம் செய்யும்போது பிடிபட்டுவிட்டால் சில பேருக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விடும்... பார்க்காத மாதிரி இருந்துவிடுவதுதான் அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை!